பயலுக்கு ஈஸ்னோபில் 820. இழுப்பு நின்ன பிறகும் பம்ப் எதுக்கு?

#1 தக்கலை அம்மா | ஜூன் 11, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயசு. எடவப்பாதி மழை தொடங்கினா எங்க வீட்ல யாருக்கும் தூக்கம் கிடையாது. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு இருமிக்கிட்டே எழும்புவான். கழுத்துக்குழி உள்ள போகும், நெஞ்சுல பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம். இந்த வருஷமும் அப்படித்தான். நாகர்கோவில்ல ஒரு டாக்டர்ட்ட காட்டினோம். ரத்தத்துல ஈஸ்னோபில் 820ன்னு வந்துது. காலையும் ராத்திரியும் புடசொனைடுங்கிற ஸ்டீராய்டு பம்ப், இழுப்பு வந்தா மட்டும் நீல பம்ப், ராத்திரி மான்டெலூகாஸ்ட் மாத்திரைன்னு எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள்ல இழுப்பு நின்னுட்டு. இப்போ ஓடுறான், பந்து விளையாடுறான். மாமி என்னடான்னா, "நல்லாத்தான இருக்கான், பின்ன எதுக்கு ஸ்டீராய்டு? பம்ப் பழகிட்டா ஆயுசு முழுக்க விடாது"ங்கிறாங்க. பக்கத்து வீட்லயும் அதே பேச்சு. டாக்டர் மூணு மாசமாவது நிறுத்தக்கூடாதுன்னார். ஏன்னு கேட்டேன். "வெளிய சத்தம் நின்னாலும் உள்ள சைட்டோகைன் வேலை நடந்துட்டே இருக்கும்"னார். வெளிய நாப்பது பேர் காத்துக் கிடந்தாங்க, அதுக்கு மேல கேக்க மனசு வரல.

அந்த சைட்டோகைன்னா என்ன? ஈஸ்னோபிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரிஞ்சாத்தான் மாமிகிட்ட பேச முடியும்.

#2 மார்த்தாண்டம் லேப் | ஜூன் 11, இரவு 11.05

அக்கா, அந்த எண்ணிக்கையை தினமும் பார்க்கிறவன் நான். சாதாரணமா 500க்குள்ள இருக்கணும். நம்ம ஊர்ல "பிள்ளைக்கு ஈஸ்னோபீலியா"ன்னு ஒரு நோய்ப் பேர் மாதிரி சொல்லிப் பழகிட்டோம். அது நோய் இல்ல, ரத்தத்துல ஈஸ்னோபில்ங்கிற வெள்ளை அணு கூடியிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். ஆஸ்துமாவுலயும் கூடும், வயித்துல பூச்சி இருந்தாலும் கூடும். 3000 தாண்டி ராத்திரி இருமலும் இருந்தா யானைக்கால் கிருமியால வர்ற நுரையீரல் தொந்தரவான்னு டாக்டர்மார் பார்ப்பாங்க. அதுக்கு மருந்தே வேற, டி.இ.சி. மாத்திரை மூணு வாரம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு பக்கத்து வீட்டுக்காரர் மருந்தை வாங்கிக் கொடுக்கிறவங்க இருக்காங்க, தயவுசெய்து செய்யாதீங்க.

இன்னொண்ணு. இந்த எண்ணிக்கை ஒரே நாள்லயே மாறும். ராத்திரி கூடும், பகல்ல குறையும். ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாள் சாப்பிட்டிருந்தாலே சடசடன்னு இறங்கிடும். அதனால 820ஐயே பிடிச்சுக்கிட்டு பயப்பட வேண்டாம். பயலுக்கு பூச்சி மாத்திரை கொடுத்தீங்களா?

#3 தக்கலை அம்மா | ஜூன் 11, இரவு 11.12

பிப்ரவரியில பள்ளிக்கூடத்துலயே அல்பெண்டசோல் கொடுத்தாங்க. மலமும் டெஸ்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் இல்ல.

#4 கருங்கல்காரன் | ஜூன் 12, காலை 6.40

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். இப்போ பெங்களூருல ஒரு ஆய்வகத்துல நோயெதிர்ப்பு அணுக்களைப் பத்திப் படிக்கிறேன். சின்ன வயசுல தலையணையை மடியில வச்சு அதுல கைய ஊணி விடியுற வரைக்கும் உக்காந்திருந்தவன் நான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

சைட்டோகைன்ங்கிறது ஒரு அணு இன்னொரு அணுவுக்கு விடுற சேதி. சின்னப் புரதம், அவ்வளவுதான். எங்க ஊர்ல கோயில் மணி அடிக்கிற விதத்தை வச்சே பூசையா துக்கமான்னு வயல்ல நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும். துக்கமணி கேட்டா ஒருத்தர் பெட்டி செய்யுற இடத்துக்குப் போவார், ஒருத்தர் சொந்தக்காரங்களுக்குச் சொல்லப் போவார். சைட்டோகைனும் அப்படித்தான். அந்தச் சேதியைக் கேக்குற ஏற்பி எந்த அணுவுல இருக்கோ அது மட்டும்தான் அசையும். அதுவும் தனக்குத் தெரிஞ்ச வேலையை மட்டும்தான் செய்யும்.

இனி உங்க மகனுக்க மூச்சுக்குழாய்க்கு வருவோம். மழைக்காலத்துல மெத்தையில தூசிப்பூச்சி பெருகும். கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தண்ணி குடிக்கத் தெரியாது, காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கும். எடவப்பாதி ஈரம் அதுக்குப் பொற்காலம். அதோட எச்சத்துல டெர் பி 1ன்னு ஒரு புரதம் இருக்கு. அது சும்மா கிடக்கிற அழுக்கு இல்ல, மத்த புரதத்தை வெட்டுற நொதி. மூச்சுக்குழாய் உள்சுவர்ல அணுவும் அணுவும் நெருக்கித் தைச்ச மாதிரி ஒட்டியிருக்கும், அந்தத் தையலை இது அறுக்கும். அடிபட்ட சுவர் அணு மூணு சேதியைக் கிளப்பும். டி.எஸ்.எல்.பி., இன்டர்லூகின்-25, இன்டர்லூகின்-33. கடைசியா சொன்ன 33 அந்த அணுவோட கருவுக்குள்ளேயே முன்கூட்டித் தயாரா இருக்கும். அணு உடைஞ்சா உடனே வெளிய கொட்டிடும். அடுப்புப் புகை, சிகரெட் புகை, சளிக்காய்ச்சல் வைரஸ் இதெல்லாமும் இந்தச் சுவரைச் சீண்டி இதே மணியை அடிக்க வைக்கும்.

இதைக் கேட்டு ஓடி வர்றவங்க ரெண்டு கூட்டம். ஒண்ணு டி.எச்.2ன்னு சொல்ற உதவி டி அணு. 1986ல மோஸ்மன், காஃப்மன்னு ரெண்டு பேர் எலியோட உதவி டி அணுக்களை அது விடுற சேதியை வச்சே ரெண்டு வகையா பிரிச்சாங்க, அதுல ரெண்டாவது வகை இது. ரொம்ப நாள் இது ஒண்ணுதான் காரணம்னு நினைச்சிருந்தாங்க. 2010 வாக்குல ஐ.எல்.சி.2ன்னு இன்னொரு அணு தெரிய வந்துது. அதுக்கு ஒவ்வாமைப் பொருளை அடையாளம் காணத் தெரியாது. சுவர் விடுற சேதி மட்டும் போதும், கிளம்பிடும். மழையில நனைஞ்சு சளி பிடிச்சாலே சில பிள்ளைங்களுக்கு இழுப்பு வர்றதுக்கு இதுவும் ஒரு வழின்னு இப்போ பார்க்கிறாங்க.

இந்த ரெண்டு கூட்டமும் விடுற சேதிதான் வீட்ல நீங்க பார்க்கிற நோய். இன்டர்லூகின்-5, எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஈஸ்னோபிலை உண்டாக்கச் சொல்லும், உண்டானது சாகாம வச்சுக்கும். உங்க ரிப்போர்ட்ல இருக்குற 820 இந்தச் சேதியோட நிழல். இன்டர்லூகின்-13 சளி சுரக்கிற அணுவைப் பெருக்கும், மூச்சுக்குழாய்த் தசையைத் தொட்டாச்சிணுங்கி ஆக்கும். டி அணு விடுற இன்டர்லூகின்-4, பி அணுகிட்ட போய் ஐஜிஈங்கிற எதிர்ப்புரதத்தைச் செய்யச் சொல்லும். அந்த ஐஜிஈ, மூச்சுக்குழாய்ச் சுவர்ல இருக்குற மாஸ்ட் அணு மேல போய்க் குத்திட்டு நிக்கும், மாசக்கணக்கா காத்திருக்கும். அடுத்த தடவை பூச்சி எச்சம் வந்து பட்ட உடனே அந்த அணு வெடிச்ச மாதிரி ஹிஸ்டமின், லூகோட்ரீன், புரோஸ்டாகிளாண்டின் எல்லாத்தையும் கொட்டும். நிமிஷத்துல மூச்சு இறுகும். நாலஞ்சு மணி நேரம் கழிச்சு ஈஸ்னோபில் கூட்டத்தோட ரெண்டாவது அலை வரும். எட்டு, ஒன்பது மணிக்கு மெத்தையில படுக்கிற பிள்ளை ரெண்டு மணிக்கு எழும்புறதுக்கு இது ஒரு காரணம்.

இப்போ மாமியோட கேள்வி. நீல பம்ப், அதாவது சால்பியூட்டமால், இந்தச் சேதி ஒண்ணையும் தொடாது. இறுகின தசையை நாலு மணி நேரம் தளர்த்தும், அத்தோட சரி. புடசொனைடு அணுவுக்குள்ள போய், இந்தச் சேதிகளை எழுதுற மரபணுக்களையே அடக்கி வைக்கும். இழுப்புச் சத்தம் சில நாள்லயே நிக்கும். தசையோட அந்தத் தொட்டாச்சிணுங்கித்தனம் அடங்க மாசக்கணக்காகும். சத்தம் நின்னதும் பம்பை விட்டா, மெத்தையில பூச்சி இருக்கு, மாஸ்ட் அணு மேல ஐஜிஈ இருக்கு, சுவர் திரும்பவும் மணி அடிக்கும். சில வாரத்துல பழைய இடத்துக்கே வந்துடுவான். பம்ப் பழகிட்டதால அப்படி ஆகாது, நோய் அடங்கி முடியுறதுக்கு முன்ன மருந்து நின்னதால ஆகும்.

#5 வெட்டுக்காரன் குலசேகரம் | ஜூன் 12, காலை 11.30

தம்பி எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். எனக்க ஒரு சந்தேகம். நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவன், 22 வருஷம். பாலை உறைய வைக்க பார்மிக் ஆசிட் ஊத்தும்போது மூக்கு எரியும், இருமல் வரும். ஷீட்டைப் புகைப்புரையில போட்டு எடுத்தா அன்னைக்கு ராத்திரி நெஞ்சு அடைக்கும். இதுவும் அந்த அலர்ஜிதானா? ரப்பர் பாலே ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னார்.

#6 சிஸ்டர் ஆசாரிப்பள்ளம் ரோடு | ஜூன் 12, மாலை 4.15

அண்ணே, இதை நான் அனுபவிச்சவ. ரப்பர் பால்ல உள்ள சில புரதங்களுக்கு நிஜமாவே ஐஜிஈ உண்டாகும். நான் ஸ்டாஃப் நர்ஸ். முன்ன பவுடர் போட்ட ரப்பர் கையுறைதான் எங்களுக்கு. கழட்டும்போது அந்தப் பவுடர் பறக்கும், ரப்பர் புரதம் அதுல ஒட்டிக்கிட்டு நெஞ்சுக்குள்ள போகும். தியேட்டர் டியூட்டி போட்டா எனக்கு தும்மலும் இழுப்பும். ரெண்டு வருஷம் யாரும் நம்பல, வேலை பிடிக்காம நடிக்கிறேன்னு அந்த ஆஸ்பத்திரியில சொன்னாங்க. பிறகு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுது. அமெரிக்காவுல அந்தப் பவுடர் கையுறையை 2016 கடைசியில தடையே பண்ணாங்க. வாழைப்பழம் தின்னா எனக்கு நாக்கு அரிக்கும். ரப்பர் புரதமும் வாழைப்பழப் புரதமும் உருவத்துல ஒண்ணுபோல இருக்கிறதால அதே ஐஜிஈ ஏமாந்துடுதாம். மட்டிப்பழமும் செந்துளுவனும் விளையுற ஊர்ல பிறந்துட்டு அதைத் தொட முடியாம இருக்கேன்.

ஆனா உங்களுக்குச் சொன்ன ஆசிட் ஆவியும் புகையும் வேற வழி. அது நேரா சுவரை எரிக்கும், ஐஜிஈ இல்லாமலேயே. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவங்களுக்கு அதுவே போதும் கிளப்பிவிட. வேலைக்குப் போகாத நாள்ல நெஞ்சு சரியா இருக்கான்னு ஒரு மாசம் நோட்டுல எழுதி வச்சு நுரையீரல் டாக்டர்ட்ட காட்டுங்க. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் கண்டிப்பா எடுங்க. ஆசிட்டை வீட்டுத் திண்ணையில வச்சு கலக்காதீங்க அண்ணே, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க.

தக்கலை அக்காவுக்கு ஒண்ணு. மான்டெலூகாஸ்ட், கருங்கல் தம்பி மேல சொன்ன லூகோட்ரீனைத் தடுக்கிற மாத்திரை, நல்லதுதான். ஆனா சில பிள்ளைங்களுக்கு கெட்ட கனவு, எரிச்சல், குணமாற்றம் வரலாம்னு 2020ல அமெரிக்க மருந்து நிர்வாகம் பெட்டி போட்டு எச்சரிக்கை கொடுத்துது. பையன் ராத்திரி அலறி எழும்பினா அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்க.

#7 வைத்தியர் வீட்டுப் பேரன் | ஜூன் 12, இரவு 8.50

எங்க தாத்தா ஆடாதோடை இலைச்சாறு தேன்ல குழைச்சுக் கொடுத்து எத்தனையோ பேருக்கு நெஞ்சுச்சளியை இறக்கியிருக்காரு. மார்த்தாண்டம் தேனும் மலையில பறிச்ச இலையும். அதை யாரும் பேசவே மாட்டேங்கிறீங்க.

#8 கருங்கல்காரன் | ஜூன் 12, இரவு 9.35

பேசலாம் அண்ணே. என் பாட்டியும் அதைத்தான் தந்தா. ஆடாதோடையில வாசிசின்னு ஒரு பொருள் இருக்கு. அதை மாதிரியா வச்சுத்தான் புரோம்ஹெக்சின்னு சளி மருந்தே செஞ்சாங்க. இன்னைக்கு இருமல் பாட்டில்ல எழுதியிருக்குற ஆம்பிராக்சாலும் அதோட வம்சம். உங்க தாத்தா பார்த்தது பொய் இல்ல.

ஆனா அது வந்து சேர்ந்த சளியை இளக்குற மருந்து. சளியை உண்டாக்கச் சொல்லுற இன்டர்லூகின்-13 அங்க இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கும். கழுத்துக்குழி உள்ள போற பிள்ளைக்கு பம்பை நிறுத்திட்டு இலைச்சாறு மட்டும் கொடுக்கச் சொல்லாதீங்க. அது ஒண்ணுதான் என் வேண்டுகோள்.

#9 குளச்சல் தங்கச்சி | ஜூன் 13, இரவு 12.10

எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். எங்க அண்ணன் கடலுக்குப் போறவன். சட்டைப் பையில எப்பவும் நீல பம்ப் இருக்கும். மாசம் ஒண்ணு வாங்குவான். மருந்துக்கடையில கேட்டா சீட்டு இல்லாமலே எடுத்துத் தருவாங்க. அடிக்கடி போற ஒரு கிளினிக்குலயும் மூச்சு முட்டினா ஊசி போட்டு, நெபுலைசர் வச்சு அனுப்பிருவாங்க. தினமும் இழுக்கிற மருந்துன்னு ஒண்ணு இருக்குன்னு அவனுக்கு யாரும் சொல்லல. 34 வயசுல, வள்ளத்துல இருந்து கரைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டான். பம்ப் கையிலதான் இருந்துது.

தக்கலை அக்கா, நிறுத்தாதீங்க.

#10 நெஞ்சு மருத்துவர் | ஜூன் 13, காலை 7.00

குளச்சல் தங்கச்சி, உங்க அண்ணனைப் பத்தி வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. இதை எழுதினதுக்கு நன்றிம்மா. இது எத்தனை பேர் வீட்டுக் கதைன்னு எனக்குத் தெரியும்.

எல்லாரும் கவனிங்க. ஒரு நீல பம்புல 200 தடவை அடிக்கலாம். வருஷத்துக்கு மூணு பம்போ அதுக்கு மேலயோ தீர்ந்தாலே ஆபத்துக் கோட்டைத் தாண்டியாச்சு. மாசம் ஒண்ணு தீர்ந்தா அது சாவு ஆபத்து. 2019ல இருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்ல, வயது வந்தவங்களுக்கும் பதின்வயசினருக்கும் நீல பம்பை மட்டும் வச்சு மருத்துவம் பார்க்கக்கூடாதுன்னே எழுதியாச்சு. கூட ஸ்டீராய்டு பம்ப் இருந்தே ஆகணும்.

தக்கலை அம்மா, மாமி பயப்படுறதுல ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவுல குழந்தைகளுக்கு தினம் 400 மைக்ரோகிராம் புடசொனைடு நாலு முதல் ஆறு வருஷம் கொடுத்து, பெரியவங்களாகிற வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்தாங்க. மருந்து எடுக்காதவங்களைவிட உயரம் சராசரியா 1.2 சென்டிமீட்டர் குறைவு. அவ்வளவுதான். ஒரு விரல்கடைகூட இல்லாத உயரமா, ராத்திரி மூச்சான்னு மாமிகிட்டயே கேளுங்க. மூணு மாசம் நல்லா அடங்கி இருந்தா டாக்டரே அளவைக் குறைப்பார். இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க, இல்லேன்னா நாக்குல வெள்ளை படியும். ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டுற பிளாஸ்டிக் குழாய், இல்லாம ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அடிக்காதீங்க, மருந்து தொண்டையிலேயே நின்னுடும்.

#11 இரணியல் வாசகன் | ஜூன் 13, பகல் 1.25

இவ்வளவு சேதி இருக்கே, ஒவ்வொண்ணையும் தனித்தனியா தடுக்கிற மருந்து கிடையாதா? என் மச்சினி கல்ஃப்ல இருக்கா, மாசம் ஒரு ஊசி போடுறாளாம்.

#12 கருங்கல்காரன் | ஜூன் 13, இரவு 10.00

இருக்கு. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. இன்டர்லூகின்-5ஐத் தடுத்தா ஈஸ்னோபில் போயிடும், ஆஸ்துமாவும் போயிடும்னு நினைச்சு மெபோலிசுமாப்னு ஒரு எதிர்ப்புரதம் செஞ்சாங்க. 2000ல வெளியான முதல் சோதனையில ஈஸ்னோபில் அழகா இறங்கிட்டு. மூச்சு? ஒரு மாற்றமும் இல்ல. அப்போ ஈஸ்னோபில் குற்றவாளியே இல்லையோன்னு பலபேர் கைவிட்டுட்டாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு, 2009ல, இங்கிலாந்துலயும் கனடாவுலயும் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தாங்க. ஸ்டீராய்டு எடுத்தும் சளியில ஈஸ்னோபில் குறையாதவங்களுக்கு மட்டும். அவங்களுக்குத் திடீர்னு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுற தடவை வெகுவா குறைஞ்சுது. மருந்து முன்னயும் அதேதான், சேதி யாருக்குள்ள சத்தமா இருக்குன்னு பார்த்துக் கொடுத்ததுதான் வித்தியாசம். 2015ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

இன்டர்லூகின்-13ஐ மட்டும் தடுத்துப் பார்த்த மருந்துகள் ஆஸ்துமாவுல பெரிய சோதனையில தோத்துப் போச்சு. 4க்கும் 13க்கும் பொதுவான ஏற்பியை அடைக்கிற டூபிலுமாப் ஜெயிச்சுது, 2018ல ஆஸ்துமாவுக்கு வந்துது. ஐஜிஈயைப் பிடிக்கிற ஓமாலிசுமாப் இதுக்கெல்லாம் மூத்தது, 2003. சுவர் அடிக்கிற முதல் மணியான டி.எஸ்.எல்.பி.யையே தடுக்கிற டெசெபெலுமாப் 2021ல வந்துது. அதனாலதான் அது ஈஸ்னோபில் கூடாத சிலருக்கும் கேக்குது.

ஆனா இதெல்லாம் விலை ஏறின ஊசி. பம்பைச் சரியா, தினமும், ஸ்பேசரோட எடுத்தும் அடங்காதவங்களுக்கு. உங்க மச்சினிக்கு எந்த ஊசின்னு அவங்க ரிப்போர்ட் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்.

#13 வெட்டுக்காரன் குலசேகரம் | ஜூன் 29, இரவு 7.45

ஊதிப் பார்த்தாச்சு. ஆஸ்துமாதான்னு சொல்லி பம்ப் தந்திருக்காங்க. புகைப்புரையைத் திறக்குறது இப்போ மவன்.

#14 சிஸ்டர் ஆசாரிப்பள்ளம் ரோடு | ஜூன் 29, இரவு 8.05

அண்ணே, மவனுக்கும் மூக்கை மூடுற நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க. திறந்த உடனே உள்ள ஏறாம கதவைத் திறந்து போட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஏறச் சொல்லுங்க.

#15 தக்கலை அம்மா | ஜூலை 20, இரவு 9.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பம்பை நிறுத்தல. கருங்கல் தம்பி எழுதினதை மாமிக்கு வாசிச்சுக் காட்டினேன். மணி விஷயம் வந்தப்போ கேட்டுக்கிட்டு இருந்தாங்க, இன்டர்லூகின்ல எழும்பிப் போயிட்டாங்க. குளச்சல் தங்கச்சி எழுதினதை வாசிச்ச அன்னைக்கு ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில பயலுக்க இலவம்பஞ்சு மெத்தையைத் தானே தூக்கிக் கொண்டு போய் வெயில்ல போட்டாங்க. ஸ்டீராய்டு பிடிக்கலன்னு இன்னும் சொல்றாங்க, ஆனா ராத்திரி எட்டரைக்கு பம்பை எடுத்து மேசையில வைக்கிறது அவங்கதான்.

ஜூன்ல 11 ராத்திரி எழும்பினான். இந்த மாசம் இதுவரை ரெண்டு. அதுல ஒண்ணு பக்கத்துல தேங்காய்த் தொண்டு எரிச்ச அன்னைக்கு. போர்வையைக் கொதிதண்ணியில அலசுறேன். மான்டெலூகாஸ்ட்ல கெட்ட கனவு ஒண்ணும் இல்ல, டாக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன்.

திரும்ப ரத்தம் பார்த்தோம், 610. இன்னும் 500க்கு மேலதான இருக்கு, மருந்து பத்தலையோ? இன்னொண்ணு, ஸ்பேசரைக் கழுவிட்டு துணியால துடைச்சா மருந்து சரியா வரமாட்டேங்குது மாதிரி இருக்கு.

#16 மார்த்தாண்டம் லேப் | ஜூலை 20, இரவு 9.50

அக்கா, இழுக்கிற ஸ்டீராய்டு நெஞ்சுக்குள்ளதான் வேலை செய்யும், ரத்தத்துல எண்ணிக்கை மெல்லத்தான் இறங்கும். ராத்திரி எழும்புறது பதினொண்ணுல இருந்து ரெண்டாச்சே, டாக்டர் முதல்ல அதைத்தான் பார்ப்பார். அடுத்த தடவை எடுத்தா அதே லேப்ல, அதே நேரத்துல எடுங்க.

#17 நெஞ்சு மருத்துவர் | ஜூலை 20, இரவு 10.15

துணியால துடைச்சா பிளாஸ்டிக்குல மின்னேற்றம் வரும், மருந்து சுவர்லயே ஒட்டிக்கும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு ரெண்டு சொட்டு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில முக்கி எடுத்து, துடைக்காம, அப்படியே நிமித்தி வச்சு நிழல்ல உலர விடுங்க. வாரம் ஒரு தடவை போதும்.